திஸ், தட், தீஸ், தோஸ்: பழைய இலக்கிய வரிகளை வெச்சு கத்துக்கலாமா?

மன்னார்குடிலேர்ந்து நீங்க கேட்ட கேள்வியை சுருக்கிச் சொன்னா இதான். பொண்ணு பி.காம் மூணாவது வருஷம், திஸ், தட், தீஸ், தோஸ் நாலையும் போட்டு குழப்புறா, வேலைக்கு அனுப்புன மெயில்ல "ஐ ஹேவ் ரெட் திஸ் ஆல் புக்ஸ்"னு எழுதிட்டா, ஷேக்ஸ்பியர் டிக்கன்ஸ் மாதிரி பழைய ஆளுங்க எழுதின வரியை வெச்சு படிச்சா மண்டைல நிக்கும்னு யாரோ சொன்னாங்க, அது சரிப்பட்டு வருமா, இல்ல இருக்கற குழப்பம் இன்னும் ஜாஸ்தியாகுமா?

சரிப்பட்டு வரும்மா. ஆனா வரியை மனப்பாடம் பண்ண வெச்சா ஒண்ணும் ஆகாது. அந்த வரில இருக்கற திஸ்ஸை எடுத்துட்டு அங்க தட்டைப் போட்டு, என்ன கெட்டுப்போச்சுன்னு அவளையே பாக்க விடணும், வித்தையே அவ்வளவுதான். நான் பாபநாசம் பக்கத்துல ஒரு கிராமத்துல வீட்டுத் திண்ணைல சாயங்கால டியூஷன் எடுக்கறவன், பதினெட்டு வருஷமா இதே தப்பை சேப்பு இங்க்ல சுழிச்சுக்கிட்டே இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

கிட்ட இருக்கறது எட்ட இருக்கறதுங்கற வித்தியாசம் உங்க பொண்ணுக்கு தெரியாம இல்ல. தொல்காப்பியத்துலயே "அ இ உ அம் மூன்றும் சுட்டு"ன்னு வந்துடுது. இவன் அவன், இங்க அங்க, இப்ப அப்ப, இவ்வளவு அவ்வளவுன்னு ஒரே எழுத்தை மாத்தி மாத்தி எல்லாத்தையும் சொல்லிடறோம், இங்கிலீஷ்ல இவ்வளவு ஒழுங்கா வரிசையா கிடையாது. அதோட ஆத்தங்கரையில பொறந்தவனுக்கு இக்கரை அக்கரைன்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இந்தப் பக்கம் நிக்கறவரைக்கும் இது இக்கரை, பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டா இதே கரைக்கு அக்கரைன்னு பேர், கரை நகரவே இல்ல, நாமதான் நகர்ந்தோம். திஸ், தட் ரெண்டும் பொருளைப் பத்தின வார்த்தை இல்ல, சொல்றவன் எங்க நிக்கறான்ங்கறதைப் பத்தின வார்த்தை.

ஷேக்ஸ்பியரோட வெனிஸ் வணிகன் நாடகத்துல கடைசி அங்கத்துல போர்ஷியான்னு ஒரு பொண்ணு வக்கீல் வேஷம் போட்டு ஒரு கேஸை ஜெயிச்சுட்டு ராத்திரில வீட்டுக்கு திரும்பி வர்றா. தூரத்துலேர்ந்து வெளிச்சம் தெரியுது. "தட் லைட் வி ஸீ இஸ் பர்னிங் இன் மை ஹால்"ங்கறா. அதுக்கு அடுத்தாப்லயே "ஹௌ ஃபார் தட் லிட்டில் கேண்டில் த்ரோஸ் ஹிஸ் பீம்ஸ்", அந்த சின்ன மெழுகுவத்தி எவ்வளவு தூரத்துக்கு வெளிச்சத்தை வீசுதுன்னு ஆச்சரியப்படறா. அது அவ சொந்த வீடு, சொந்த விளக்கு, இருந்தாலும் தட்டுதான், ஏன்னா அவ இன்னும் இருட்டுல வழில நிக்கறா. கடைசி பஸ்ல எறங்கி வயல் வரப்புல நடந்து வர்றப்ப நம்ம வீட்டு லைட்டைப் பாத்து "இந்த லைட்டு"ன்னா சொல்வோம்? இந்த வரில திஸ்ஸைப் போட்டுப் பாருங்க, போர்ஷியா வீட்டுக்குள்ளயே வந்துட்டா, அப்பறம் "எவ்வளவு தூரம்"ங்கறதுக்கே அர்த்தம் இல்லாம போயிடுது.

தூரம் மனசுலயும் இருக்கலாம். அதுக்கு நான் எப்பவும் எடுக்கறது டிக்கன்ஸோட டேவிட் காப்பர்ஃபீல்ட், 1850ல புத்தகமா வந்தது, அதோட மொத வாக்கியம். "விதர் ஐ ஷால் டர்ன் அவுட் டு பி த ஹீரோ ஆஃப் மை ஓன் லைஃப், ஆர் விதர் தட் ஸ்டேஷன் வில் பி ஹெல்ட் பை எனிபடி எல்ஸ், தீஸ் பேஜஸ் மஸ்ட் ஷோ." என் வாழ்க்கைக்கு நானே ஹீரோவா ஆவேனா, இல்ல அந்த எடத்துல வேற யாராவது உக்காந்துப்பாங்களா, இந்தப் பக்கங்கதான் காட்டணும்னு அர்த்தம். ஸ்டேஷன்னா இங்க அந்தஸ்து, ஸ்தானம், எங்க டியூஷன்ல ஒருத்தன் மயிலாடுதுறை ஜங்ஷன்னு நெனச்சுட்டான், அது வேற கதை. ஹீரோங்கற ஸ்தானம் தனக்கா இல்லையான்னு அவனுக்கே இன்னும் தெரியல, அதனால தட், கொஞ்சம் தள்ளியே வெச்சுட்டான். பேஜஸ் அவன் கைலயும் இருக்கு, படிக்கற உங்க கைலயும் இருக்கு, ஒண்ணு இல்ல நூத்துக்கணக்குல இருக்கு, அதனால தீஸ். ஒரே வாக்கியத்துல ஒருமை பன்மை, கிட்ட எட்ட, கை மனசு எல்லாமே அடங்கிடுச்சு. ஒரு வரிதான் படிக்க நேரம் இருக்குன்னு உங்க பொண்ணு சொன்னா இதைக் குடுங்க.

நமக்கு நெஜமாவே இடிக்கறது எண்ணிக்கை. நாம "இந்த மாடு"ன்னும் சொல்வோம், "இந்த மாடுங்க"ன்னும் சொல்வோம், "இந்த" ஆடாம அசையாம அப்படியே நிக்கும். மாட்டுக்குத்தான் வால் நீளும். இங்கிலீஷ்ல முன்னாடி நிக்கறதும் சேர்ந்து மாறணும், திஸ் கௌ, தீஸ் கௌஸ். இது நம்ம நாக்குக்கு பழக்கமே இல்ல, அதான் திஸ் புக்ஸ், தட் பீப்பிள்னு வந்து விழுது. காதும் ஏமாத்துது. திஸ் குறில், தீஸ் நெடில், அதோட தீஸ்ல கடைசி எழுத்து வண்டு ரீங்காரம் மாதிரி அதிரணும். அவசரத்துல பேசறப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும், கேக்கற மாதிரியே எழுதவும் செய்வாங்க.

இதுக்கு ஷேக்ஸ்பியரோட டெம்பெஸ்ட் நாடகத்துல கடைசில ஒரு எடம் இருக்கு. ப்ராஸ்பெரோங்கற மந்திரவாதி மூணு குடிகாரப் பயலுகளை முன்னாடி நிறுத்தி வெச்சு, "டூ ஆஃப் தீஸ் ஃபெல்லோஸ் யூ மஸ்ட் நோ அண்ட் ஓன், திஸ் திங் ஆஃப் டார்க்னஸ் ஐ அக்னாலெட்ஜ் மைன்"ங்கறான். இதுங்கள்ல ரெண்டு உங்க ஆளுங்க, இந்த இருட்டு ஜென்மம் என்னுதுன்னு ஒத்துக்கறேன்னு அர்த்தம். மூணு பேருக்கு தீஸ், ஒருத்தனுக்கு திஸ். அதைவிட முக்கியம், அந்த இருட்டு ஜென்மத்தை, காலிபன்ங்கற தன் அடிமையை, நாடகம் பூரா திட்டிக்கிட்டே இருந்தவன், கடைசில தட்னு தள்ளிவிடாம திஸ்னு இழுத்துக்கறான் பாருங்க. திஸ் மைன். தட் திங்னு மாத்துங்க, ஒத்துக்கிட்ட மாதிரியே இருக்காது, போனாப் போகுதுன்னு சொன்ன மாதிரி இருக்கும்.

அடுத்தது, பேச்சுக்குள்ளயே முன்னாடியும் பின்னாடியும் கையைக் காட்டறது. இதை இலக்கண புக்ல ஒரு வரில முடிச்சுடறாங்க, ஆனா பொண்ணு மெயில் எழுதறப்ப, இன்டர்வியூல பேசறப்ப இதான் ஜாஸ்தி தேவைப்படும். ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்துலயே ரெண்டு உதாரணமும் கிடைக்குது. எல்லாருக்கும் தெரிஞ்சது, "டு பி, ஆர் நாட் டு பி, தட் இஸ் த கொஸ்டின்." விஷயத்தை சொல்லிட்டான், அப்பறம் திரும்பி அதைக் காட்டி தட்ங்கறான். இன்னொண்ணு பொலோனியஸ்ங்கற அப்பா தன் பையனை வெளியூருக்கு அனுப்பறப்ப சொல்றது, "திஸ் அபவ் ஆல், டு தைன் ஓன் செல்ஃப் பி ட்ரூ." எல்லாத்துக்கும் மேல இதைக் கேளுடான்னுட்டு அப்பறம்தான் விஷயத்தையே சொல்றான். சொல்லப்போறதுக்கு திஸ், சொல்லி முடிச்சதுக்கு தட். நாம தெனம் பண்றதுதானே? "இதைக் கேளு, நாளைக்கு ஆறு மணிக்கே வந்துடு"ம்போம். "நாளைக்கு ஆறு மணிக்கு வரணும், அதான் விஷயம்"ம்போம். "அதான் விஷயம்"ங்கற எடத்துல "இதான் விஷயம்"னாலும் தமிழ்ல ஓடும், இங்கிலீஷ்லயும் ஓடும், ஆனா ஒரு வாசனை மாறும். இதான்னா பேச்சு இன்னும் கைல இருக்கு, மேல பேசப்போறோம்னு. அதான்னா முடிஞ்சுது, கெளம்பலாம்னு.

இப்ப கத்திக் கதை. போன வருஷம் எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன், நான் ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடக வரியை எழுதிப் போட்டதும் மொறச்சுக்கிட்டு நின்னான். "இஸ் திஸ் எ டாகர் விச் ஐ ஸீ பிஃபோர் மீ." ராஜாவைக் கொல்லப் போறவனுக்கு இருட்டுல ஒரு கத்தி மிதக்கற மாதிரி தெரியுது, நெஜத்துல கத்தி கிடையாது. பையன் கேக்கறான், "இல்லாத கத்திக்கு எதுக்கு சார் திஸ்? கைல இருந்தாத்தானே திஸ்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?" நல்ல கேள்வி, எனக்கே செத்த நேரம் வாயடைச்சுப் போச்சு. சரிடா நடிச்சுப் பாப்போம்னு மர ஸ்கேல் ஒண்ணை இடுப்புல சொருகிக்கச் சொன்னேன். வெறும் காத்தைப் பாத்துக்கிட்டு மொத வரியைச் சொன்னான். கையை நீட்டி புடிக்கப் பாத்தான், ஒண்ணும் இல்ல. அப்பறம் அதே பேச்சுல கொஞ்சம் தள்ளி வர்ற வரி, "ஐ ஸீ தீ யெட், இன் ஃபார்ம் அஸ் பால்பபிள் அஸ் திஸ் விச் நௌ ஐ ட்ரா." இன்னும் உன்னைப் பாக்கறேன், இப்ப நான் உருவற இது மாதிரியே தொட்டுப் பாக்கற அளவுக்கு இருக்கேன்னு அர்த்தம். ட்ராங்கற எடத்துல பையன் சரக்னு ஸ்கேலை உருவினான், அங்கயே அவனுக்கு வெளங்கிடுச்சு. ஒரே பேச்சுல ரெண்டு கத்தி, ஒண்ணு கனவு ஒண்ணு நெஜம், ரெண்டுக்கும் திஸ். கனவுக் கத்தி அவனுக்கு இடுப்புக் கத்தி அளவுக்கு கிட்ட வந்துடுச்சு, பைத்தியம் புடிக்கப் போறதுக்கு அதான் அடையாளம். அப்பறம் "இஸ் தட் எ டாகர்"னு மாத்திச் சொல்லச் சொன்னேன். பின்னாடி உக்காந்திருந்த பொண்ணு சிரிச்சுக்கிட்டே, "யாரோ எதிர் வீட்டுல கத்தி வெச்சிருக்காங்க போல சார்"னுச்சு. பயம் போயே போச்சு.

இனிமே சொல்லப்போறதுதான் உங்க பொண்ணு மாதிரி காலேஜ் பசங்களுக்கு பெரிய வியாதி, திஸ்-தட் குழப்பத்தைவிட பெருசு. "ஐ பாட் எ பென். தட் இஸ் ப்ளூ"ன்னு எழுதுவாங்க. "இட் இஸ் ப்ளூ"ன்னு வரணும். ஏன் தட் வருதுன்னா தமிழ்ல "அது"ங்கறது ரெண்டு வேலையும் பாக்குது. கையை நீட்டிக் காட்டற அதுவும் அதுதான், ஏற்கனவே பேசினதை சும்மா தொட்டுக்கற அதுவும் அதுதான். இங்கிலீஷ்ல ஹி, ஷி, இட் இதுலயெல்லாம் கிட்ட எட்ட ஒண்ணுமே இல்ல, மொட்டையா நிக்கும். தமிழ்ல அவன்னு சொன்னாலே தள்ளி வெச்சாச்சு, இவன்னு சொன்னாலே பக்கத்துல இழுத்தாச்சு, சுட்டு இல்லாம ஒருத்தரைப் பத்தி பேசவே முடியாது.

இது எவ்வளவு ஆழம்னு பாக்கணும்னா 517ஆவது குறளை இங்கிலீஷ்ல சொல்லிப் பாக்கச் சொல்லுங்க. "இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்." மொத அடில வேலை, வழி, ஆள் மூணுமே இதனை, இதனால், இவன், எல்லாம் கைக்குள்ள வெச்சு பொரட்டிப் பொரட்டி பாக்கறாப்ல இருக்கு. யோசிச்சு முடிவு பண்ணி ஒப்படைச்ச ஒடனே அதே வேலை அதனை ஆயிடுது, அதே ஆள் அவன் ஆயிடறான். கையை விட்டுப் போயிடுச்சு, இனிமே நீ மூக்கை நுழைக்காதேன்னு அர்த்தம். ஆளுங்ககிட்ட நடவு வேலையை விட்டுட்டு வரப்புலயே நின்னு நச்சரிக்கறவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டணும். இங்கிலீஷ்ல இதனை அதனையை திஸ், தட்னு கொண்டுவந்துடலாம், இவனுக்கும் திஸ் மேன்னு போட்டுக்கலாம், அவன்கண்ணுங்கற எடத்துல ஹிம்னு வந்துடும், ஹிம்முல தூரம் கிடையாது, பாதி குறள் ஒழுகிப் போயிடும். அதனால பொண்ணுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் குடுங்க. "அது"ன்னு மனசுல வந்தா, விரலை நீட்டணும்னு தோணுதான்னு பாக்கணும். தோணினா தட், தோணலைன்னா இட்.

தட்டுல இன்னொரு தலைவலி, ஒரே எழுத்துல வேற வேலையும் பாக்கும். 1813ல வெளிவந்த ஜேன் ஆஸ்டனோட ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் நாவல், மொத வாக்கியத்துல "இட் இஸ் எ ட்ரூத் யுனிவர்சலி அக்னாலெட்ஜ்ட், தட் எ சிங்கிள் மேன்"னு போகும். இந்த தட் எதையும் காட்டல, நம்ம "ன்னு" இருக்கே, அந்த வேலை. அடுத்த வாக்கியத்துல "திஸ் ட்ரூத்"னு வரும் பாருங்க, அதான் நெஜமான சுட்டு, மொத வாக்கியம் மொத்தத்தையும் ஒரு மூட்டையா கட்டி கைல தூக்கிக்குது. டெம்பெஸ்ட்லயே ஒரு பாட்டுல, கடல்ல முழுகிப்போன அப்பாவைப் பத்தி, "தோஸ் ஆர் பேர்ல்ஸ் தட் வேர் ஹிஸ் ஐஸ்"னு வரும். தோஸ் சுட்டு, ஆழத்துல கெடக்கற முத்துங்களை காட்டுது. தட் வேர்ங்கறது "கண்ணா இருந்த"ல வர்ற அந்த "இருந்த", ஒட்டுப்போடற வேலை.

இதுல உச்சம் அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் 1863 நவம்பர் 19ந் தேதி, போர்ல செத்த சிப்பாய்களைப் பொதைச்ச கெட்டிஸ்பர்க் மயானத்துல பேசினது, "தோஸ் ஹூ ஹியர் கேவ் தேர் லைவ்ஸ் தட் தட் நேஷன் மைட் லிவ்." ரெண்டு தட் அடுத்தடுத்து, அச்சுப் பிழை இல்ல. அந்த நாடு பொழைக்கணும்னு இங்க உயிரைக் குடுத்தவங்க. மொத தட் "பொழைக்கணும்னு"ல இருக்கற "ன்னு", ரெண்டாவது தட் "அந்த நாடு". வாய்விட்டு படிச்சா தெரியும், மொததை முழுங்கிடணும், ரெண்டாவதை அழுத்தணும். இந்த ஒரு வரியை பத்து தடவை சத்தமா படிச்சவங்க அப்பறம் தட்டுல தடுக்கி விழறதே இல்ல, நான் பாத்திருக்கேன். தோஸ் ஹூவையும் கவனிங்க. செத்தவங்க அவர் நிக்கற மண்ணுலயே கெடக்கறாங்க, ஹியர்னு வேற சொல்றார், இருந்தும் தோஸ். ஏன்னா இது தூரம் காட்டற தோஸ் இல்ல, "குடுத்தவங்க"ங்கறதுக்குள்ள ஒளிஞ்சிருக்கற "அவங்க". நமக்கு குடுத்த கூட அவங்க சேர்ந்து ஒரே சொல்லா ஆயிடுது, இங்கிலீஷ்காரன் அந்த அவங்களை முன்னாடி தூக்கி வெச்சுடறான், அவ்வளவுதான்.

தண்ணியைப் பத்தி ஒரு சின்ன விஷயம், நம்ம ஊருக்காக. வாட்டர்ங்கறதை எண்ண முடியாது, அதனால திஸ் வாட்டர்தான், தீஸ் வாட்டர் கிடையாது, அதே மாதிரி தீஸ் இன்ஃபர்மேஷன், தீஸ் ஃபர்னிச்சர் எல்லாம் தப்பு. ஆனா கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1798ல வைங்கற ஆத்தங்கரைக்கு அஞ்சு வருஷம் கழிச்சு திரும்ப வந்து எழுதறார், "அண்ட் அகெயின் ஐ ஹியர் தீஸ் வாட்டர்ஸ்." வாட்டர்ஸ்னு பன்மையாக்கினா அது சொம்புல இருக்கற தண்ணி இல்ல, ஓடற வெள்ளம், அதனால தீஸ். ஜூன் 12ல மேட்டூரைத் திறந்து, கல்லணை தாண்டி, நம்ம வாய்க்கா மதகுல மொத மொதல்ல சளசளன்னு சத்தம் கேக்கற அன்னிக்கு இந்த வரியை பசங்களுக்கு சொல்லுங்க, வேற வெளக்கமே வேண்டாம்.

குழப்பம் ஜாஸ்தியாகுமான்னு கேட்டீங்கள்ல, ஒரு எடத்துல ஆகும். பழைய இங்கிலீஷ்ல நீ, உன்னை, உன்னோடங்கறதுக்கு தௌ, தீ, தைன்லாம் வரும், அதெல்லாம் இன்டர்வியூல வாயில வந்துடக் கூடாது. ஜூலியஸ் சீசர்ல "யான்ட் கேஸியஸ் ஹாஸ் எ லீன் அண்ட் ஹங்க்ரி லுக்"னு ஒரு வரி, யான்ட்னா அதோ அங்க தெரியறவன், இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல மூணாவது சுட்டு இருந்துச்சு, இப்ப வழக்கொழிஞ்சு போச்சு. நம்ம உகரச் சுட்டும் அப்படித்தான், வேலை வேற ஆனா கதி ஒண்ணு, இங்க செத்துப்போச்சு, யாழ்ப்பாணத்துல மட்டும் உது, உவன்னு இன்னும் பேசறாங்க. எனக்கு இதுல ஆசை ஜாஸ்தி, உங்க பொண்ணுக்கு தேவை இல்ல, தாண்டிப் போகச் சொல்லுங்க.

புக்கு வாங்க வேண்டாம். ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்ங்கற வெப்சைட்ல நான் சொன்ன டிக்கன்ஸ், ஆஸ்டன், ஷேக்ஸ்பியர் எல்லாம் சும்மாவே கிடைக்கும், காப்பர்ஃபீல்டைத் திறந்து தோஸ்னு தேடச் சொல்லுங்க, தெனம் நாலு வரி. ஒவ்வொண்ணுலயும் சொல்றவன் எங்க நிக்கறான், கண்ணுக்கு முன்னாடி இருக்கா, பேச்சுல முன்னாடி வந்துச்சான்னு பக்கத்துல தமிழ்ல எழுதணும். அப்பறம் மாத்திப் போடணும். ஒரு மாசம் போதும். இங்கிலீஷ் வரலைங்கறதுக்காக பொண்ணை ரொம்ப கடிஞ்சுக்காதீங்க, கும்பகோணம் காலேஜ்ல ராமானுஜனுக்கு ஸ்காலர்ஷிப் போனதே கணக்கைத் தவிர மத்த பாடத்துல கோட்டை விட்டதாலதான், இங்கிலீஷும் அதுல ஒண்ணு. அதே பக்கத்து வலங்கைமான்ல பொறந்த சீனிவாச சாஸ்திரி இங்கிலீஷ் பேச்சுக்காகவே வெள்ளி நாக்குன்னு பேர் வாங்கினவர்.

அந்த மெயில் வரிக்கு வர்றேன். "திஸ் ஆல் புக்ஸ்" எங்கேர்ந்து வந்துச்சுன்னா, "இந்த புக்கு எல்லாத்தையும்", "இதெல்லாம்"னு நமக்கு இந்த முன்னாடியும் எல்லாம் பின்னாடியும் வரும். அப்படியே வரிசை மாறாம எறக்கிட்டா. இங்கிலீஷ்ல ஆல் தலைவாசல்லயே நிக்கும், அதுக்கு அப்பறம்தான் சுட்டு, புக்ஸ் பன்மை அதனால தீஸ். "ஐ ஹேவ் ரெட் ஆல் தீஸ் புக்ஸ்." மெயில்ல புக்கு லிஸ்டு கீழ இருந்துச்சுன்னா இதான் சரி. எப்பவோ காலேஜ்ல படிச்சதை நெனச்சு சொன்னான்னா ஆல் தோஸ் புக்ஸ். அவ எதை நெனச்சு எழுதினான்னு கேட்டுட்டு திருத்துங்க.